பார்ட் ஃபோர் தாள்களுக்கு அவற்றின் 30 மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் எல்லாரும் பார்ட் ஃபோர் என்று சொல்லும் பொதுத் தாள்களை நடத்துகிற ஆசிரியர்கள் நாங்கள். சுற்றுச்சூழல் கல்வி, வேல்யூ எஜுகேஷன், என்.எம்.இ. (தம் துறை அல்லாத வேறு துறையில் மாணவர் படிக்கும் விருப்பத் தாள்), அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ் எல்லாம் எங்கள் பொறுப்பு. பாடத்திட்டத் திருத்தக் கூட்டங்களில் மேஜர் என்னும் முதன்மைப் பாடத் தாள்களுக்கு மணிக்கணக்கில் விவாதம் நடக்கிறது. இந்தத் தாள்கள் கடைசியில் வருகின்றன. "போன தடவை இருந்ததே இருக்கட்டும்" என்று முடிந்துவிடுகின்றன. அடுத்த கூட்டத்தில் அப்படி முடிவதற்கு முன்னால் இதைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பொதுத் தாள்கள் தேவையா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. தேவைதான். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949 அறிக்கையிலேயே அதைச் சொல்லிவிட்டது. ஒரே துறைக்குள் சீக்கிரமே அடைபட்டுப்போகும் படிப்பைத் திருத்தப் பொதுக் கல்வி வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. எங்கள் முறையீடு அதை நடத்தும் விதத்தைப் பற்றியது. இரண்டு கிரெடிட் என்று பாடத்திட்டத்தில் அச்சிட்டால் அந்த 30 மணி நேரமும் வகுப்பில் நடக்க வேண்டும். அதில் படித்தது மதிப்பெண் பட்டியலில் கணக்காக வேண்டும். இப்போது இரண்டும் நடப்பதில்லை.

ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி, 15 வாரம். இரண்டு கிரெடிட்டுக்கு 30 மணி. மாதிரித் தேர்வு, கருத்தரங்கு, விழா ஒத்திகை, முடியாத மேஜர் போர்ஷன் என்று எது வந்தாலும் முதலில் பறிபோவது இந்த 30 மணியிலிருந்துதான். மாணவர்களும் மறுப்பதில்லை. பல பல்கலைக்கழகங்களின் விதிப்படி பார்ட் ஃபோரில் தேர்ச்சி பெற்றால் போதும். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று தீர்மானிக்கும் கணக்கில் அந்த மதிப்பெண் சேராது. நாற்பது எடுத்தாலும் தொண்ணூறு எடுத்தாலும் பட்டத்தில் ஒரே மாதிரித்தான் நிற்கும் என்று தெரிந்தபிறகு, பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த நேரத்தை மேஜருக்குச் செலவிடுவதில் என்ன தப்பு இருக்கிறது?

ஆகவே முதல் மாற்றம் மதிப்பெண்ணில் வேண்டும். பார்ட் ஃபோர் மதிப்பெண்ணை அதனதன் கிரெடிட்டோடு மொத்தச் சராசரியில் சேருங்கள். "ரேங்க் எல்லாம் கலைந்துவிடும்" என்ற பயம் கூட்டத்தில் எழும் என்று தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 140 கிரெடிட் பட்டத்தில் இரண்டு என்.எம்.இ. தாளுக்கு 4, சுற்றுச்சூழலுக்கு 2, வேல்யூ எஜுகேஷனுக்கு 2 என்று வைத்தால் மொத்தம் 8. இந்த எட்டிலும் ஒரு மாணவர் மற்றவரைவிட 20 மதிப்பெண் குறைவாக எடுத்தால் மொத்தச் சராசரியில் வரும் வித்தியாசம் 1.14 மதிப்பெண். அதனால் எவருடைய வாழ்க்கையும் கவிழ்ந்துவிடாது. வகுப்புக்கு நோட்டு எடுத்துக்கொண்டு வர அது போதும். சுலபமாக மதிப்பெண் கிடைக்கும் தாளைத் தேடி ஓடுவார்கள் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதைத் தடுக்க என்.எம்.இ. தாள்கள் எல்லாவற்றின் மதிப்பெண் பரவலையும் தேர்வுத் துறை ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு தாளில் மட்டும் எல்லாரும் தொண்ணூறு என்றால் அது அட்டவணையில் பளிச்சென்று தெரியும்.

இனி என்.எம்.இ. மேஜர் அல்லாத ஒரு துறையின் தாளை மாணவர் தாமே தேர்ந்தெடுத்துப் படிப்பது என்பது இதன் அடிப்படை. பல இடங்களில் நடப்பது வேறு. இயற்பியல் வகுப்பு முழுவதும் வணிகவியலுக்கு, வணிகவியல் வகுப்பு முழுவதும் வரலாற்றுக்கு என்று இரண்டு துறைத் தலைவர்கள் பேசி மாற்றிக்கொள்கிறார்கள். விண்ணப்பப் படிவம் என்ற ஒன்று இருந்தால் அதில் எல்லாரும் ஒரே தாளின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒழுங்கீனத்தால் மட்டும் இப்படி நடக்கவில்லை. கால அட்டவணையும் ஒர்க்லோடும் சேர்ந்து துறைகளை இதற்குத் தள்ளுகின்றன. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு இருக்க வேண்டும். ஒரு துறையில் 14 மணிதான் தேறினால் மீதி இரண்டை நிரப்ப ஒரு என்.எம்.இ. வகுப்பு தேவைப்படுகிறது. அந்த மணி எந்த டே ஆர்டரில் (கால அட்டவணையின் சுழற்சி நாளில்) காலியோ அங்கே காலியாக இருக்கும் இன்னொரு வகுப்பைத் தேடுகிறார்கள். மாணவரின் விருப்பம் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

இதைச் சரிசெய்ய முடியும். என்.எம்.இ. வரும் பருவத்தில் அந்த ஆண்டு மாணவர்கள் அனைவருக்கும், எந்தத் துறையானாலும், ஒரே டே ஆர்டரில் ஒரே இரண்டு மணியை ஒதுக்குங்கள். கால அட்டவணை போடும்போது முதலில் இதைப் பூட்டிவிட்டு மற்றதை நிரப்ப வேண்டும். கடைசியில் செருகப் பார்த்தால் ஆய்வக வகுப்புகள் குறுக்கே நிற்கும். கடைசி இரண்டு மணியாகவும் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் ஊர்கள் நிறைய. கடைசி மணி வகுப்பு அதனாலேயே காலியாகும். மூன்றாவது, நான்காவது மணிதான் பாதுகாப்பானது. ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரிகளில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனிப் பட்டியல் வேண்டும்.

14 துறைகள், துறைக்கு 60 பேர் என்றால் 840 பேர். 14 தாள்கள், ஒவ்வொன்றிலும் 60 இடம். ஆசிரியரும் அறையும் புதிதாக ஒன்றுகூடத் தேவையில்லை, இருப்பதே போதும். மாணவரிடம் ஐந்து விருப்பங்களை வரிசைப்படி வாங்குங்கள். இடம் ஒதுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுக்காதீர்கள். எடுத்தால் கம்ப்யூட்டர் தாள் முழுக்க அதிக மதிப்பெண் வாங்கியவர்களும், மிஞ்சிய தாள்களில் மற்றவர்களும் என்று கல்லூரியே இரண்டாகப் பிரியும். குலுக்கல் நியாயமானது. ஒரு தாளில் ஒரே துறையிலிருந்து 15 பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அந்த ஒரு விதி வந்தால் வகுப்பையே அப்படியே மாற்றிக்கொள்ளும் பழக்கம் தானாக நின்றுவிடும். பட்டியல் ஒட்டிய ஒரு வாரத்துக்குள் தாள் மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். ஒன்று வருகைப் பதிவு. துறைவாரி வருகைப் பதிவேட்டில் என்.எம்.இ. மணியைக் குறிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். தாள்வாரியாகத் தனிப் பட்டியல் அச்சிட்டு, பருவ முடிவில் தொகுத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும். மற்றொன்று தேர்வறை. ஒரே நேரத்தில் 14 குறியீட்டு வினாத்தாள்கள் ஒரு கூடத்துக்குள் வரும். எல்லா என்.எம்.இ. தேர்வையும் ஒரே அமர்வில் வைத்து, இருக்கைகளைத் தாள் குறியீட்டு வரிசையில் போட்டால் கட்டுப் பிரிப்பதில் தவறு நேராது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடம் இதற்காகத் தனியாகவே கேட்கிறோம்.

அடுத்தது, அந்தத் தாளுக்குள் என்ன இருக்கிறது என்பது. பெரும்பாலான என்.எம்.இ. தாள்கள் துறையின் முதலாண்டு மேஜர் தாளைச் சுருக்கி எழுதியவையாக இருக்கின்றன. வரையறை, வகைகள், நன்மை தீமைகள் என்று போகின்றன. தமிழ் இலக்கியம் படிக்கும் ஒருவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கணிதத் துறை ஆசிரியரின் எதிரில் உட்காரப் போகிறார். அவருக்கு அணிகளின் வகைகளைச் சொல்லி அனுப்பலாமா? ஒரு கடன் கணக்கைப் போட வையுங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் வட்டி, இரண்டு ஆண்டுத் தவணை. வட்டி 20,000. மொத்தம் 1,20,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதத் தவணை 5,000. பார்க்கச் சுத்தமான கணக்கு. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் முழு ஒரு லட்சத்துக்கும் வாங்கப்படுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் அதே 5,000 தவணைக்கு என்ன வட்டி வரும் என்று ஒரு விரிதாளில் 24 வரிசை போட்டுப் பார்த்தால் மாதம் 1.5 சதவீதத்துக்குச் சற்று மேலே போகும், ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டும். பத்து என்று சொன்ன வட்டி பதினெட்டு. இரண்டு மணி நேரத்தில் ஒரு வகுப்பு முழுவதும் இதைத் தன் கையால் கண்டுபிடிக்கும். வாழ்நாளுக்கும் மறக்காது.

வேதியியல் துறைக்கும் இதே வழி உண்டு. மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வரட்டும்; ஆழ்துளைக் கிணறு, குழாய், கேன், எதுவானாலும். டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) மீட்டரில் அளந்து, ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையோடு ஒப்பிடட்டும். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை. பிறகு 100 மில்லி நீரில் அளந்த சொட்டுகளாக சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ணினால் கடினத்தன்மை கண்ணுக்கே தெரிந்துவிடும். டி.டி.எஸ். குறைவாக இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று ஆகாது, கிருமியை அந்த மீட்டர் காட்டாது என்பதையும் அதே மணியில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு துறையிடமும் ஒரே பக்கத்தில் இதைக் கேளுங்கள்: 30 மணியில் மாணவர் என்னென்ன செய்வார், கடைசியில் எதை ஒப்படைப்பார். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாத தாளை அனுமதிக்காதீர்கள்.

சுற்றுச்சூழல் கல்வியின் கதை வேறு. 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து பிறந்த தாள் இது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பின்னர் வகுத்த பொதுப் பாடத்திட்டம் எட்டு அலகு, 50 மணி. அதில் எட்டாவது அலகு களப்பணி, ஐந்து மணி நேரம். தேர்வுக்கு எழுத்தில் 75, களப்பணிக்கு 25. நல்ல வரைவு. பல கல்லூரிகளில் 50 மணி 30 ஆகச் சுருங்கியபோது முதலில் கரைந்தது அந்தக் களப்பணி. 25 மதிப்பெண் மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு ஈடாக வருவது, ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரே பதிவேட்டின் அறுபது பிரதிகள்.

களப்பணியைத் திரும்பக் கொண்டுவர இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் ஏரியோ கண்மாயோ போதும். அறுபது பேரை ஆறு பேர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரியுங்கள். இரண்டரை மணி வீதம் இரண்டு முறை போக வேண்டும், இடையில் ஏழெட்டு வார இடைவெளியோடு. ஒரே தடவை போனால் அது சுற்றுலாவாகிவிடும். இரண்டாவது தடவைதான் மாற்றம் தெரியும். இரண்டாம் பருவத்தில் தாள் இருந்தால் ஜனவரியிலும் மார்ச்சிலும் போகலாம். வடகிழக்குப் பருவமழை நிரப்பிய தண்ணீர் கரையிலிருந்து எத்தனை அடி உள்ளே போயிருக்கிறது என்பதை மாணவர்களே அளப்பார்கள். ஒரு குழு வரத்துக் கால்வாயின் வழியே நடந்து எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறிக்கட்டும். ஒரு குழு மதகடியில் இருபது நிமிடம் நின்று பறவைகளை எண்ணட்டும். ஒன்று சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் எவ்வளவு பரப்பைப் பிடித்திருக்கின்றன என்று அடிக்கணக்கில் மதிப்பிடட்டும். இன்னொன்று ஆயக்கட்டு விவசாயி ஒருவரிடம் கடைசியாக எந்த ஆண்டு மடை திறந்தது என்று கேட்டு வரட்டும். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ பதிவேட்டில் அந்த ஏரிக்கு எத்தனை ஹெக்டேர் என்று போட்டிருக்கிறதோ அதையும், செல்பேசி வரைபடத்தில் இன்றைக்கு அளந்தால் வரும் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆக்கிரமிப்பு என்ற தலைப்பில் பத்து மதிப்பெண் கட்டுரை எழுதுவதைவிட இந்த இரண்டு எண்கள் அதிகம் சொல்லும்.

அந்த 25 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: களத்தில் தேதியோடு எழுதிய கைக்குறிப்பேட்டுக்கு 10, குழு தயாரித்த வரைபடம் மற்றும் அட்டவணைக்கு 10, வாய்மொழிக் கேள்விக்கு 5. மண் ஒட்டிய பென்சில் குறிப்பேட்டைத்தான் வாங்க வேண்டும், டைப் செய்த பதிவேடு வேண்டாம். ஆளுக்கு மூன்று நிமிடம் வாய்மொழி என்றால் அறுபது பேருக்கு மூன்று மணி நேரம். முடியக்கூடிய வேலைதான். பெற்றோர் சம்மதக் கடிதம், முதல்வரின் அனுமதி, இரண்டு ஆசிரியர்கள், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பருவத் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மார்ச்சில் கேட்டால் தேர்வு நெருங்கிவிட்டது என்பார்கள். தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்பதை எழுத்திலேயே கொடுங்கள். வெளியே அழைத்துப்போகவே முடியாத நிலை என்றால், கேன்டீன் கழிவை மட்கும், மட்காத என்று பிரித்துத் தொங்கு தராசில் ஐந்து நாள் எடை போட்டாலும் களப்பணிதான்.

வினாத்தாளும் இதோடு சேர்ந்து மாற வேண்டும். "நீர் மாசு – குறிப்பு வரைக" என்று கேட்கும்வரை மாணவர் கெய்டைத்தான் படிப்பார். ஐந்து கிணறுகளின் டி.டி.எஸ். அளவுகளை ஓர் அட்டவணையாகக் கொடுத்து, எதைக் குடிக்கலாம், ஏன், வேறென்ன சோதனை வேண்டும் என்று கேட்டால் கெய்டு கைகொடுக்காது.

வேல்யூ எஜுகேஷன் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நேர்மை, பொறுமை என்று தலைப்புப் போட்டு உரை நிகழ்த்துவதை விட்டுவிட்டு, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுத வையுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வி வடிவில் "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, ஆவண நகல் கேட்டால் வரும் என்பது செய்துபார்த்தால்தான் புரியும்.

அடிப்படைத் தமிழுக்கு ஒரு சொல். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படிக்காமல், கல்லூரி மொழிப் பாடமான பகுதி ஒன்றிலும் வேறு மொழி எடுத்தவர்களுக்கு இரண்டு தாள். ஆறாம் வகுப்புத் தரம் என்று பல பல்கலைக்கழக விதிகள் சொல்கின்றன. அந்த அறையில் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் பேசி, எழுத்து மட்டும் தெரியாத பிள்ளையும் இருப்பார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாமல் வடக்கிலிருந்து வந்தவரும் இருப்பார். இருவருக்கும் ஒரே பாடம் நடத்தினால் முதல் ஆளுக்கு அலுப்பு, இரண்டாம் ஆளுக்குப் பயம். முதல் நாளே பதினைந்து நிமிடம் ஒரு பேச்சு, ஒரு வாசிப்பு வைத்து இரண்டு பிரிவாக்குங்கள். பேசத் தெரிந்தவருக்கு 247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, துணைக்கால், கொம்பு என்று குறிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் பஸ் பலகையையும் ரேஷன் கடை விலைப்பட்டியலையும் பருவ நடுவிலேயே படித்துவிடுவார். பேசத் தெரியாதவருக்கு முதல் பத்து மணி முழுக்கப் பேச்சுதான் வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் பாடத்திட்டத்தில் 2022இல் சேர்ந்த "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" என்ற இரண்டு தாள்களையும் மனமார வரவேற்றவர்கள் நாங்கள். ஆனால் தாளுக்கு ஒரு கிரெடிட், 15 மணி, ஐந்து அலகு. "தமிழர் மரபு" தாளின் முதல் அலகில் மொழிக் குடும்பங்கள், சங்க இலக்கியம், திருக்குறள், காப்பியங்கள், ஆழ்வார் நாயன்மார், சிற்றிலக்கியம், பாரதியார், பாரதிதாசன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். எந்த ஆசிரியராலும் பெயர்ப் பட்டியல்தான் வாசிக்க முடியும். ஐந்து அலகில் இரண்டை மட்டும் கல்லூரி தேர்ந்து ஆழமாக நடத்த விதி இடம் தரலாம். இரண்டாவது தாளின் பாசன அலகில் சோழர்காலக் குமிழித் தூம்பு, அதாவது ஏரிக்குள் கட்டும் மதகு, வருகிறது. நீர் போகும் நீரோடித் துளை மேலே, வண்டல் போகும் சேறோடித் துளை அடியில். அதன் குறுக்குவெட்டை ஒரு சிவில் மாணவர் தன் கையால் வரைந்து, தூர் தானாக வெளியேற அந்த உயர வேறுபாடு ஏன் தேவை என்று யோசிக்க ஆறு மணி நேரமாவது வேண்டும்.

வகுப்புக்கு வெளியே செய்யும் பணிகளுக்கான பார்ட் ஃபைவிலும் இதே முரண் இருக்கிறது. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர் ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டுக்கு 240 மணி உழைக்கிறார். ஏழு நாள் முகாம் வேறு. பல இடங்களில் அதற்குக் கிடைப்பது ஒரு கிரெடிட். செய்முறைக்கு 30 மணி ஒரு கிரெடிட் என்ற கணக்கில் பார்த்தால் எட்டு வர வேண்டும். எட்டும் தரச் சொல்லவில்லை. விருப்பப்படுகிறவர் இரண்டு கிரெடிட்டை ஓர் என்.எம்.இ. தாளுக்கு ஈடாகக் கேட்டுக்கொள்ள வழி வையுங்கள்.

யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில் 120 கிரெடிட் பட்டத்துக்குப் பல்துறைத் தாள்களுக்கு 9, மதிப்புக்கூட்டுத் தாள்களுக்கு 6 முதல் 8 என்று இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுக் கல்விக்கு மட்டும் 42 கிரெடிட். அங்கே பிரிவு கட்டாயம், பிரிவுக்குள் எந்தத் தாள் என்பது மாணவர் விருப்பம், மதிப்பெண் சராசரியில் சேரும். எண்ணிக்கையில் அவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நம்மிடம் இருக்கும் எட்டோ பத்தோ கிரெடிட்டையாவது விருப்பத்தோடும் மதிப்போடும் நடத்தலாம். எந்தக் கட்டமைப்பு வந்தாலும், தாளுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், பொது நேரமும் குலுக்கலும் களக்குறிப்பேடும் இல்லாமல் அது இப்போதைய பார்ட் ஃபோராகவே திரும்பி வரும்.

ஒரு பருவத்துக்கு முன்னால் தொடங்கினால்தான் இது நடக்கும். ஏப்ரலுக்குள் துறைகள் தங்கள் ஒரு பக்க விவரத்தைத் தர வேண்டும், கல்லூரி திறந்த முதல் வாரத்தில் விருப்பப் படிவம் வாங்க வேண்டும், இரண்டாம் வாரத்தில் பட்டியல் ஒட்ட வேண்டும். விவரப் பக்கத்துக்கான மாதிரி, விருப்பப் படிவம், ஏரிக் குறிப்பேட்டின் முதல் நான்கு பக்கங்கள் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறோம். கூட்டத்துக்கு அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பொதுத் தாள்களை நடத்தும் ஆசிரியர்கள்